சின்னவனைப் பெரியவனாக்கிய கதை

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

போன கிழமை நான் உங்கள் கொம்பியூட்டர் கடைக்கு வந்தபோது உங்களில் இருவர் மேசையின் இரண்டு பக்கமும் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். மேசையில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு புரொசசர்கள். கம்பனி குறித்த வேகத்துக்கு மேலே தட்டி ஓட்டுவதற்கு, அதாவது ஓவர்க்ளொக் பண்ணுவதற்கு, இரண்டில் எது நல்லது என்பதுதான் வழக்கு. என்னைக் கண்டதும் "சேர் சொல்லட்டும்" என்று இருவரும் என் பக்கம் திரும்பினீர்கள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கண் டொக்டரிடம் போகவேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அதே கேள்விக்கு நான் ஒருமுறை மிகத் தெளிவாக, மிகச் சத்தமாக, நாலு பேர் கேட்கப் பதில் சொன்னவன். அதன் பலனையும் நாலு பேர் பார்க்க அனுபவித்தவன். இதை நேரில் சொன்னால் முகத்துக்கு நேரே சிரிப்பீர்கள். எழுதிக் கொடுத்தால் நான் இல்லாத நேரம் சிரிப்பீர்கள். எனக்கு இரண்டாவது வசதி.

முதலில் நான் எப்படி நிபுணர் ஆனேன் என்று சொல்லவேண்டும். ரேடியோ, டீவீ திருத்திக்கொண்டிருந்தவன் நான். கல்லடியில் ஒரு சின்னக் கடை. கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை நான் கடையைத் திறக்காமல் டவுனில் உள்ள வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். கடை போயிற்று, நான் இருந்தேன். சோம்பேறித்தனத்தால் உயிர் தப்பியவன் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அதற்குப் பிறகு மட்டக்களப்புக்குள் வெள்ளை வாகனங்களில் நிவாரண நிறுவனங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் பெட்டி பெட்டியாகக் கொம்பியூட்டர் கொண்டுவந்தது. அதைப் பற்றித் தெரிந்தவர்களில் பலர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போயிருந்தார்கள், சிலர் கடலோடு போயிருந்தார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் செய்த திருத்தங்களில் பாதி, அணைத்துவிட்டு மறுபடி போடுவது. மற்றப் பாதி, போட்டுவிட்டு மறுபடி அணைப்பது. இரண்டுக்கும் 'ஆலோசகர்' என்று மரியாதை தந்தார்கள். அவர்கள் தந்ததில் பிழையில்லை. நான் அதை நம்பியதுதான் பிழை.

பிறகு வேகப் பைத்தியம் பிடித்தது. இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, உலகத்தில் எவனெவன் எந்தப் புரொசசரை எவ்வளவு தூரம் தட்டினான் என்று எழுதியதையெல்லாம் அச்செடுத்து வந்து, கோயிலில் புராணம் படிக்கிற மாதிரி நான் படிப்பேன், எனக்கு நானே பயனும், அதாவது பொருளும், சொல்வேன். அந்த எழுத்துக்காரர்களில் ஒருவனுடைய ஊரிலும் நம்முடைய வெயில் இல்லை என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவேயில்லை.

இந்தக் கட்டத்தில்தான் யோகா வருகிறாள். நாவலடியில் இருந்தவள். புருஷன் கலியாண வீடுகளுக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் வீடியோ எடுப்பவர். எடுத்ததை வெட்டி ஒட்டுவது யோகாவின் வேலை. கடல் அவரையும் கொண்டுபோனது, கமெராவையும் கொண்டுபோனது, வீட்டையும் கொண்டுபோனது. யோகா தேற்றாத்தீவில் தமக்கையின் வளவுக்கு வந்து, நிறுவனம் ஒன்று போட்டுக் கொடுத்த தற்காலிகக் கொட்டிலில் இருந்தாள். நிரந்தர வீடு வரும் வரும் என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயிருந்தன. மற்றவர்கள் எடுக்கிற வீடியோவை வெட்டி ஒட்டிப் பிழைக்க, அவளுக்குத் தொழில் உதவியாக ஒரு கொம்பியூட்டர் கொடுக்க அந்த நிறுவனம் சம்மதித்தது. உதவி ஒருமுறைதான், பழுதானால் இன்னொன்று கேட்க முடியாது. அவளுடைய சீவியம் முழுக்க அந்த ஒரு பெட்டிக்குள்தான். என்ன பெட்டி என்று தெரிவுசெய்யும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

காத்தான்குடியில் எனக்குச் சாமான் தருகிற காக்கா ஒருவர், அதாவது முஸ்லிம் அண்ணன் ஒருவர், இருந்தார். கண்ணாடி மேசையில் இரண்டு புரொசசர் பெட்டிகளை வைத்தார். ஒன்று பெரியவன், விலை கூட. மற்றது சின்னவன், விலை குறைவு.

"ரெண்டும் ஒரு தாய் வகுத்துப் புள்ளைகள்தான் தம்பி" என்றார். "ஒருத்தன் கொஞ்சம் கெட்டிக்காரன் எண்டு கம்பனிக்காரன் பட்டம் குடுத்திருக்கான். அவ்வளவுதான்."

நான் இதற்காகவே காத்திருந்தவன். மதர்போட் ஒரு தாளம் போடும், புரொசசர் அந்தத் தாளத்தைத் தனக்குள்ளே சில மடங்காகப் பெருக்கிக்கொண்டு ஓடும். பெரியவன் ஏழால் பெருக்குவான், ஆனால் அவனுக்குத் தாளம் ஏற்கெனவே வேகம். சின்னவன் ஒன்பதால் பெருக்குவான், தாளம் மெதுவானது. ஆகவே சின்னவனை வாங்கித் தாளத்தைக் கொஞ்சம் முடுக்கினால், சாதாரண மதர்போட்டிலேயே பெரியவனைத் தாண்டி ஓடிவிடுவான். இந்தப் பிரசங்கத்தை நான் காக்காவுக்கும், கடையில் நின்ற இரண்டு பேருக்கும், பூட்டு வாங்க வந்து தவறுதலாக உள்ளே நுழைந்த ஒரு ஆளுக்கும் சேர்த்துச் செய்தேன்.

"அப்ப சின்னவனத் தாங்க காக்கா. நான் அவனப் பெரியவனாக்கிக் காட்டுறன்."

"ஆக்குங்க, ஆக்குங்க. ஆருக்கு இந்த மெசின்?"

"தேத்தாத்தீவில ஒரு தங்கச்சிக்கு. கலியாண வீடியோ செய்யிறவ."

"அங்க கரண்ட் எப்பிடி? அறை எப்பிடி, காத்துப் படுமா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுவன் காக்கா."

நான் பார்க்கவில்லை. யோகாவின் கொட்டிலுக்கு நான் அதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை. தேற்றாத்தீவு என்ன சந்திரனிலா இருக்கிறது, மோட்டார் சைக்கிளில் ஒரு ஓட்டம். ஆனால் புரொசசர் தெரிவுசெய்பவன் வீடு பார்க்கப் போவானா? அது மேசன்மாரின் வேலை அல்லவா என்று இருந்துவிட்டேன்.

சின்னவனை வாங்கியதால் கொஞ்சக் காசு மிஞ்சியது. அதில் புரொசசரின் சூட்டை இறக்குகிற நல்ல சாமான் ஒன்று வாங்கியிருக்கலாம். நான் பக்கத்தில் கண்ணாடி வைத்த, உள்ளே நீல வெளிச்சம் எரிகிற பெட்டி வாங்கினேன். அது ஒன்றையும் குளிர்விக்காது. பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான்.

மெசினைப் பாகம் பாகமாகப் பூட்டியது நல்ல மாரி காலத்தில். வாவி நிறைந்து ஒழுங்கைவரை ஏறியிருந்தது, கடை மூலையில் தவளை கத்தியது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். சின்னவனைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தட்டினேன். அவன் ஏறினான். பெரியவனைத் தாண்டினான். பிறகும் தட்டினேன், பிறகும் ஏறினான். ஒரு பகலும் ஒரு இரவும் நிறுத்தாமல் சோதனை ஓட்டினேன், ஒரு சொட்டுத் தடங்கல் இல்லை. டவுனில் இந்தத் தொழில் செய்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவருக்கும் புகழ மனம் வரவில்லை, ஆனால் ஒருவராலும் குறையும் சொல்ல முடியவில்லை. எனக்கு அதுவே போதும். ஓடிய வேகத்தை ஒரு ஒட்டித்தாளில் என் கையாலேயே எழுதி, பெட்டியின் நெற்றியில் ஒட்டி அனுப்பினேன். திருநீறு பூசுகிற இடத்தில்.

மாரி போனது, பங்குனி போனது. யோகாவிடமிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. அந்த மௌனத்தையும் என் கெட்டித்தனத்தின் கணக்கிலேயே போட்டுக்கொண்டேன்.

பிறகு கச்சான் தொடங்கியது. வெளியூர்ப் பிள்ளைகளும் உங்களுக்குள் இருப்பதால் சொல்கிறேன், நான் சொல்வது கொறிக்கிற நிலக்கடலைக் கச்சான் அல்ல. ஆனி, ஆடியில் மேற்கே காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று. வரும்போதே அடுப்பைத் தூக்கிக்கொண்டு வரும். கரடியனாற்றுப் பக்கத்து வயல் வட்டைகள் வெடித்துக் கிடக்க, அந்த வெக்கையெல்லாம் வாவியைத் தாண்டி நம்முடைய கரைக்கு வந்து சேரும். கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் இன்னும் ஓயாத வருடம் அது. காற்றும் மனிதரைச் சும்மா இருக்க விடவில்லை.

அப்படி ஒரு நாள் காலையில் யோகா போன் எடுத்தாள். அவளுடைய குரல் ஒருநாளும் உயர்வதில்லை, அன்றைக்கும் உயரவில்லை.

"அண்ணன், ஒருக்கா வந்துட்டுப் போவீங்களா? மெசின் நிண்டு நிண்டு போகுது. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள ஒரு படம் குடுக்க வேணும். ஒரு புள்ளைட வீசா அலுவல்."

விடயம் இதுதான். வாகரையில் இருந்து இடம்பெயர்ந்து வந்து தேற்றாத்தீவில் சொந்தக்காரர் வளவில் இருந்த ஒரு தாயும் மகளும். மகள் சுகந்தி. வைகாசியில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்து வந்து, தாலி கட்டி, லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டான். அவள் பின்னால் போவதற்கு வீசா வேண்டும். மறுநாள் கொழும்பில் தூதரகத்தில் நேர்முகம். கலியாணம் உண்மையான கலியாணம்தான் என்று காட்ட வீடியோவும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். திகதி திடீரென்று வந்ததால் படம் இன்னும் முடியவில்லை. கல்முனையிலிருந்து கொழும்பு போகிற பஸ் பின்னேரம் தேற்றாத்தீவுச் சந்தியைத் தாண்டும். அதில் அவள் சொந்தக்காரர் ஒருவரின் துணையோடு, டீவீடியையும் கொண்டு ஏறவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு நேர்முகத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் இளம்பிள்ளை இருக்கிற தாய்மார், ஆள் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில், இரவில் நாய் குரைத்தாலே எழும்பி உட்கார்ந்த காலம் அது.

மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். ஆரையம்பதிக்கு இப்பால் சோதனைச்சாவடியில் பையைக் கொட்டச் சொன்னார்கள். புரொசசருக்குப் பூசுகிற வெள்ளைப் பசை ஊசிக் குழாயில் இருந்தது. அது என்ன என்று ஆமிக்காரன் கேட்டான். கொம்பியூட்டருக்குப் பூசுகிற கிறீம் என்றேன். கொம்பியூட்டரும் வெள்ளையாக வேண்டுமா என்று கேட்டு அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அவ்வளவுதான்.

யோகாவின் கொட்டிலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். கூரை தகரம். சுவரும் பாதிக்கு மேல் தகரம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. உள்ளே குனிந்து நுழைந்தால் பாண் சுடுகிற போறணைக்குள் நுழைந்த மாதிரி. அதற்கு நடுவில், நீல வெளிச்சம் போட்டுக்கொண்டு, நெற்றியில் என் கையெழுத்தோடு சின்னவன் இருந்தான்.

"எப்ப இருந்து தங்கச்சி இப்பிடி நிக்குது?"

"பங்குனி கடைசில இருந்தே அண்ணன். வெயில் ஏறினா நிண்டுரும். நான் காலத்தால எழும்பி வெயில் ஏற முன்னம் வேலய முடிச்சிருவன். மறுகா பொழுது பட்டாப் பிறகுதான் தொடுறது."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க பெருமையாத் தந்த சாமான் அண்ணன். நான்தான் என்னவும் பிழையாச் செய்யிறனாக்கும் எண்டு நினச்சன்."

பிள்ளைகளே, எனக்கு எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். ஒரு ஏச்சும் இந்தப் பதில் சுட்டமாதிரிச் சுடவில்லை. நான் எழுதி ஒட்டிய ஒரு இலக்கத்துக்காக அவள் தன்னுடைய நாளையே மாற்றி அமைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்த இடத்திலும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒழுங்கான மனிதன் உடனே சின்னவனைக் கம்பனி வேகத்துக்கு இறக்கியிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வேகத்தை இறக்கினால் நான் செய்தது பிழை என்று ஆகிவிடும், ஆகவே சூட்டை இறக்குவோம். காற்று குற்றவாளி, கூரை குற்றவாளி, நான் மட்டும் நிரபராதி.

பெட்டியின் பக்கத்தைக் கழற்றி, மேசை ஃபேனை அதற்குள் பிடித்தேன். பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். யோகா படத்தை ரெண்டரில் போட்டாள். வெட்டிய துண்டுகள், எழுத்துகள், பாட்டு, வித்தைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக வார்த்தெடுக்கிற வேலை அது. அதுதான் புரொசசரின் உயிரை வாங்கும். கால்வாசி போனது, திரை நீலமாகி நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி நின்றது.

அப்போதுதான் வாசலில் நின்ற சுகந்தியின் தாய், "கூரைல தண்ணி அடிச்சா என்ன தம்பி? கச்சானுக்கு நாங்க அப்பிடித்தானே செய்யிற" என்றார். மூழ்குகிறவனுக்கு ஈர்க்குக்கூடத் தோணி. நல்ல யோசனை என்று துள்ளினேன். தமக்கை, தமக்கையின் புருஷன், பக்கத்து வளவுக்காரர் எல்லோரும் கிணற்றடியில் வரிசை கட்டினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் தகரத்தில் விழுந்தது. கலியாணப் பெண்ணும் சேர்ந்து அள்ளினாள். நான் திரையில் சூட்டைப் பார்த்து உள்ளே இருந்து சத்தம் போட்டேன்.

"எவ்வளவாம் அண்ணன்?" என்று வெளியே இருந்து ஒரு குரல்.

"இறங்குது! இன்னும் ஊத்துங்க!"

இறங்கத்தான் செய்தது. அதோடு தகரத்து ஆணி ஓட்டைகளால் தண்ணீரும் இறங்கியது. முதலில் மேசையில் ஒரு சொட்டு. பிறகு என் தலையில். பிறகு, பக்கம் கழற்றித் திறந்து வைத்திருந்த பெட்டிக்கு நேர் மேலே ஒரு ஓட்டை சொட்டத் தயாரானது. நான் கத்திக்கொண்டு யோகாவின் குடையைப் பறித்து விரித்துப் பிடித்தேன். அந்தக் காட்சியை நீங்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வெளியே பொரிக்கிற வெயில். உள்ளே ஆலோசகர், பூப்போட்ட குடை பிடித்துக்கொண்டு, ஒரு பெட்டிக்கு. பக்கத்து வளவுக்காரர் வாளியோடு எட்டிப் பார்த்து, "உள்ளுக்கு மழையா அண்ணன்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

முக்கால்வாசிக்கு மேல் போன பிறகு மூன்றாம் முறையும் திரை நீலமானது.

சுகந்தி ஈரக் கையோடு உள்ளே வந்து நின்று திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய பயணப்பை வாசலில் கட்டி வைத்தபடி இருந்தது. என்னுடைய கெட்டித்தனத்துக்கு அந்தப் பிள்ளை விலை கொடுக்கப்போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பஸ்ஸுக்கு இருந்த நேரத்தில் இன்னும் ஒரு தடவைதான் ஓட்டலாம். தட்டிய வேகத்தில் ஓட்டினால் நேரத்தோடு முடியும், நிற்காமல் ஓடினால். கம்பனி வேகத்தில் ஓட்டினால் நிற்காது, ஆனால் பஸ் போன பிறகுதான் முடியும். இரண்டையும் மனதுக்குள் போட்டு உருட்டினேன். உண்மையைச் சொல்லவேண்டும், அந்த நேரத்திலும் என் கை வேகத்தின் பக்கம்தான் போனது. சூதாடியின் கை அப்படித்தான் போகும்.

யோகா கேட்டாள். "அண்ணன், வேகத்த விடுங்க. படத்தக் குறைச்சா என்ன?"

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை நேரமும் வேகத்தைப் பற்றியே மண்டையை உடைத்தவன் நான். நீளத்தைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"தூதரகத்தில என்னத்தப் பாக்கப்போறாங்க? தாலி கட்டினது, கையெழுத்து வச்சது, ரெண்டு பக்கத்துச் சொந்தமும் நிண்டது. அத மட்டும் வெட்டி எடுத்து, வித்தை ஒண்டும் போடாம, பச்சையாக் குடுப்பம்."

சுகந்தியின் தாய்க்கு இது பிடிக்கவில்லை. "அதென்ன புள்ள? ஒரு நாள் முழுக்க நடந்த கலியாணத்த அரை மணித்தியாலத்தில முடிக்கிறதா? இவள் நிக்கக்குள்ள பின்னால அன்னம் பறக்கிற மாதிரிச் செஞ்சிரிந்தயே, அதும் இல்லையா?"

"அம்மா!" என்றாள் சுகந்தி. "வீசா எனக்கா, அன்னத்துக்கா?"

அந்த நெருக்கடியிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாய் மட்டும் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். நாகரிகம் தெரியாத மனுசி, மகளின் அலுவலைவிட அன்னம் பெரிதாய்ப் போயிற்று என்று நினைத்து நானும் சிரித்தேன்.

பிறகு நான் செய்யவேண்டியதைச் செய்தேன். மெசினை அணைத்துப் போட்டு, உள் அமைப்புக்குள் போய், எல்லாவற்றையும் கம்பனி வைத்தபடி ஆக்கச் சொல்லி ஒரு விசையை அமத்தினேன். மாரியில் இருந்து வளர்த்த பெருமை ஒரு அமத்தலில் போயிற்று. சின்னவன் சின்னவனாகவே எழும்பினான். யோகா வெட்டினாள். அவளுடைய கைவேகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதை ஒருவரும் ஓவர்க்ளொக் பண்ணத் தேவையில்லை. ரெண்டரில் போட்டோம். பச்சைக் கோடு நடந்து நடந்து, நிற்காமல் நடந்து, கரை சேர்ந்தது. டீவீடியை எழுதி எடுத்தபோது தமக்கையின் புருஷன் சந்தியில் இருந்து பஸ் வருகிறது என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு புரொசசரில் எது? அன்றைக்கு நான் போட்ட பெருக்கல் கணக்கில் பிழையில்லை, இன்றைக்கும் அதை நான் எந்தச் சபையிலும் காட்டுவேன். ஆனால் அந்தக் கணக்கில் கச்சான் இல்லை, தகரம் இல்லை, யோகா இல்லை. சாமானின் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க முன், அது போய் இருக்கப்போகிற அறையைப் பாருங்கள். நல்ல காலத்தில் சோதித்ததைக் கெட்ட காலத்துக்கு உத்தரவாதம் கொடுக்காதீர்கள். வேகம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், என்னத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள். தட்டிப் பார்க்கிற ஆசை இருந்தால் உங்கள் சொந்த மெசினைத் தட்டுங்கள், புகைந்தால் உங்களுடைய வீடு மட்டும் நாறும். மெசின் நின்றால், முதலில் உங்களைச் சந்தேகியுங்கள். பாவிக்கிறவர் தன்னைத்தானே சந்தேகிக்கிற அளவுக்கு ஒருநாளும் பெருமையடித்துவிட்டு வராதீர்கள்.

சுகந்திக்கு வீசா கிடைத்தது. சண்டை முடிந்து சில காலத்தில் யோகாவுக்கும் ஓட்டுக்கூரை போட்ட வீடு வந்தது. சின்னவன் அதற்குள் இருந்து, கம்பனி வேகத்தில், என்னைவிட மரியாதையாக ஓய்வுபெற்றான். இவ்வளவோடு நிறுத்தினால் இது நல்லபடி முடிந்த கதை. ஆனால் அன்று பின்னேரம் பஸ் போன பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால், நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது.

பஸ் போய்விட்டது. தாயும் எங்களோடு சந்தியில் இருந்து திரும்பி வந்தார். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன், சாவடி மூட முன் டவுனுக்குப் போகவேண்டும். அவர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, மத்தப் படம் எப்ப முடியும்?"

"எந்தப் படம் அக்கா?"

"முழுப் படம்."

"இனி என்ன அவசரம்? கச்சான் முடியட்டும், ஆறுதலாச் செய்யலாம்."

"வாகரைல இரிந்த படமெல்லாம் கடலோட போயிற்று. அதுக்குப் பிறகு ஒண்டு ரெண்டு எடுத்து வச்சிரிந்தம், சண்டைக்கு ஓடக்குள்ள அதும் விடுபட்டுப் போச்சு. இவள்ட சின்ன வயசுப் படம் ஒண்டுகூட என்னட்ட இல்ல தம்பி. வீசா வந்தா இவளும் போயிருவாள். மறுகா நான் பாக்கிறத்துக்கு அதுதான் இரிக்கி."

எனக்குத் தலை நிமிரவில்லை. பகல் முழுக்க நான் அந்த மனுசியைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்த வளவில் அன்றைக்கு அந்தப் படம் எதற்கு என்று சரியாகத் தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

யோகா போய் மெசினைப் போட்டாள். முழுப் படத்தையும் எடுத்து ரெண்டரில் விட்டாள். திரையின் ஒரு மூலையில் சின்னச் சதுரம் ஒன்றில் படம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. சுகந்தி கூறைச்சேலையோடு குனிந்திருந்தாள். அடுத்ததில் கொஞ்சம் நிமிர்ந்தாள். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். தாய் கிட்ட வந்து நின்றார்.

"இது முடிய நடுச்சாமம் ஆகும் அக்கா" என்றேன். பழக்கதோசம், வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப சூடு குறஞ்சிட்டுது. கொஞ்சம் வேகத்தக் கூட்டி விடட்டா?"

"வேணாம் தம்பி" என்றார், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "மெதுவாப் போகட்டும்."

கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.